இரண்டு அறை, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

இரண்டே இரண்டு அறையும் ஒரே ஒரு குளியலறையும் உள்ள என் வீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் தங்கியிருந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இல்லை. சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் காலையில் பல் விளக்கி, நகராட்சி முத்திரையோடு தங்கியவர்கள்.

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று தேன்கொம்பை மலை முழுக்க ஒரு பேச்சு உண்டு. அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், தூரத்தில் வருகிற பஸ்ஸின் முக்கலை வைத்தே உள்ளே எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒருமுறை ஒரு பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கினேன். பின்னால் வந்த சரக்கு ரயிலும் நின்றுவிட்டது. அதையும் நம்ப மாட்டார்கள். ஆனால் இந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் நான் ஒரு தலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏனென்றால் எண்ணியது நான் இல்லை. என்னை நம்பவே நம்பாத ஒருவர்.

என் பெயர் சின்னமாயன். ஓய்வு பெற்ற கையோடு, கழித்துக்கட்டிய பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து மலைக்குக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த மிடுக்கைப் பார்த்துப் புது பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. இருக்கைகளில் பாதியைக் கழற்றிக் கட்டில் போட்டோம். வீட்டின் முன்னறை ஒன்று, பஸ் ஒன்று. இதுதான் எங்கள் இரண்டு அறை. ஏரி பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் தங்கிப் போவார்கள்.

நடத்துவது நான் இல்லை. என் மனைவி பேச்சியம்மாள். கல்லூரி விடுதி ஒன்றில் அடுப்படிப் புகையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். ரேஷன் அட்டை முதல் கேஸ் இணைப்பு வரை எல்லாம் என் பெயரில் இருக்க, நகராட்சி கொடுத்த தங்கும் வீட்டு உரிமம் மட்டும் அவள் பெயரில் வந்தது. வாசலில் நீலப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் 'பே. பேச்சியம்மாள், உரிமதாரர்'. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பலகையைத் துடைப்பாள். என் சட்டையை அவள் அந்த அக்கறையோடு துவைத்து நான் பார்த்ததில்லை.

உரிமம் என்றால் விதிகள் உண்டு. ஒரு சமயம் எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு ரகசியமாக ஆள் தங்கவைத்து, தண்ணீர் வற்றி, குப்பை மலையைவிட உயர்ந்துபோனது. அதன்பின் நகராட்சி எல்லாத் தங்கும் வீடுகளிலும் ஒரு பெட்டியைக் கதவுக்கு மேல் பொருத்தியது. உள்ளங்கை அகலம்தான். பெயர் சாட்சி. நடையின் அதிர்வையும் உடம்பின் சூட்டையும் வைத்து வீட்டு எல்லைக்குள் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று எண்ணி நகராட்சிக்குச் சொல்லும். பொய் சொல்லாது, கையூட்டு வாங்காது, ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்காது. அது சொல்லும் தலைக்கணக்குப்படிதான் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் திறப்பார்கள்.

அந்தத் தண்ணீரில்தான் நான் முதலில் ஏமாந்தேன். தெரு முழுக்கக் குழாய் இருமிக்கொண்டிருந்தபோது எங்கள் குழாயில் மட்டும் அருவி கொட்டியது. கமிஷனர் என் சர்வீஸ் பெருமையைக் கேள்விப்பட்டு மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? டீக்கடையில் சொன்னேன். பக்கத்து வீட்டார் குடத்தோடு வந்தபோது, "என் பேரைச் சொல்லிப் பிடிச்சுக்கங்க" என்று தாராளமாகவும் சொன்னேன்.

மூன்று வருடம் முடிந்து உரிமத்தைப் புதுப்பிக்கப் போட்டபோது நோட்டீஸ் வந்தது. ஆறு பேருக்கு அனுமதி உள்ள வீட்டில் முந்நூற்று நான்கு பேர் தங்கவைக்கப்பட்டிருப்பதாகச் சாட்சியின் பதிவு காட்டுகிறது, உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நகர்மன்ற விசாரணையில் வந்து சொல்லவும்.

"முந்நூத்திநாலு பேரா? எங்கிட்டு வச்சிருக்கோமாம்?" என்றாள் பேச்சி.

"கட்டிலுக்கு அடியில எதுக்கும் பாரு."

அவள் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

விசாரிக்க வந்த ஆய்வாளருக்குப் பெயர் நறுமுகை. சின்ன வயதுப் பெண். ஆனால் அவர் நடந்து வந்தால் எங்கள் தெரு நாய்கள்கூட வரிசையில் நிற்கும். நான் நீட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. பஸ்ஸைச் சுற்றி வந்தார், பீன்ஸ் பந்தலுக்குள் குனிந்து பார்த்தார், பிறகு கதவுக்கு மேல் இருந்த பெட்டியைக் கேட்டார்.

"சாட்சி, இப்ப இந்த வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"வணக்கம், ஆய்வாளர் அவர்களே. உரிமதாரர் ஒருவர். அவர்தம் கணவர் ஒருவர். விருந்தினர் முந்நூற்று நால்வர்."

"மேடம்," என்றேன், "என் சர்வீஸ்ல டிக்கெட் இல்லாத ஆளைத்தான் பாத்திருக்கேன். ஆளே இல்லாத டிக்கெட்டை இப்பத்தான் பாக்கறேன்."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க ஐயா. உங்களைப் பத்தி ஆபீஸ்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க." பேச்சியின் பக்கம் திரும்பினார். "அம்மா, தங்கினவங்க கிளம்பினதும் நீங்க என்ன செய்வீங்க?"

"வாசல்ல நின்னு கையாட்டுவேன். வண்டி வளைவு திரும்புறவரைக்கும்."

"அப்புறம்?"

"உக்காந்து ஒரு காப்பி குடிப்பேன்."

"ரூமைக் கூட்ட மாட்டீங்களா?"

"அவுக இட்லி திங்கையிலயே கூட்டிக் கழுவி விரிப்பு மாத்திருவேன் தாயீ. என் ரூமுல ஒரு தலைமுடி கெடந்தா சொல்லு. ஆனா ஆளு படியிறங்குன பொறவு வெளக்குமாத்தத் தொட மாட்டேன். மறுநா காலைலதான் எடுப்பேன்."

நறுமுகை கண்ணை மூடித் திறந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான்மா விஷயம். ஆள் வெளிய போனா மட்டும் சாட்சி கணக்கை முடிக்காது. ஏரிக்குப் போவாங்க, கடைக்குப் போவாங்க, திரும்பி வருவாங்க இல்லையா? முன்னாடியெல்லாம் ஒரே விரிப்புல மூணு கும்பலைப் படுக்கவச்சாங்க. அதுக்காக ஒரு விதி போட்டோம். ஆள் போன ஒரு மணி நேரத்துக்குள்ள அறையைக் கூட்டிக் கழுவணும். அது நடந்தாத்தான் அவங்க வெளியேறினதாப் பதிவாகும். உங்க வீட்டுல மூணு வருஷமா ஒருத்தர்கூட வெளியேறலை."

அப்போதுதான் எனக்குத் தண்ணீர் அருவி போல் வந்த காரணம் புரிந்தது. டீக்கடையில் நான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இருந்தாலும் நான் சொன்னதில் தப்பில்லை. மரியாதை வந்ததென்னவோ நிஜம். பேச்சிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஏன்ப்பா சாட்சி," என்றாள் பேச்சி மேலே பார்த்து, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தாங்கள் வினவவில்லை, உரிமதாரர் அவர்களே."

"சரி, இதைச் சரிபண்ண வழியிருக்கு," என்றார் நறுமுகை. "ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தடவை அறையைக் கூட்டிக் கழுவிக் காட்டுங்க. நாலஞ்சு நாள் வேலை. கணக்கு சுத்தமாயிரும். நோட்டீஸை நானே திரும்ப வாங்கிக்கறேன்."

நல்ல வழி. நான் அப்போதே எழுந்து விளக்குமாறு இருக்கிற மூலையைப் பார்த்தேன். பேச்சி எழவில்லை.

"வீட்டை விட்டு ஆளு போன கையோட கூட்டிக் கழுவுறது எப்பன்னு ஒனக்குத் தெரியாதா பாப்பா? ஒங்க வீட்டுல செய்வாகளா?"

"எங்க வீடு உரிமம் வாங்கின வீடு இல்லம்மா."

"அம்புட்டுப் பேருக்கும் எழவு வீட்டுக் காரியத்தைச் செய்யச் சொல்ற. அதுல கைப்பிள்ளையெல்லாம் இருக்கு. என் கையால முடியாது."

"அப்ப ரத்துதான். விசாரணைக்கு முந்தின நாள் நான் வந்து நேர்ல எண்ணுவேன். ஆய்வாளர் நேர்ல எண்ணிட்டா சாட்சி கணக்கு செல்லாது, என் கணக்குதான் செல்லும். ரெண்டு பேர்னு எழுதுவேன். அப்புறம் மூணு வருஷம் சாட்சியை ஏமாத்தித் தண்ணி வாங்கினதா ஆகும். அந்தப் பலகையைக் கழட்டணும். திரும்ப உங்க பேர்ல எப்பவுமே கிடைக்காது." எழுந்தவர் குரலைக் கொஞ்சம் தணித்துச் சொன்னார். "கூட்டிருங்கம்மா. வெறும் தூசிதான்."

மறுநாள் பேச்சி காய் வாங்கப் போனதும் நான் விளக்குமாறை எடுத்தேன். ஒரு பலகையைக் காப்பாற்ற ஆண்பிள்ளை கூட்டினால் என்ன குடி முழுகிவிடும்? முன்னறையில் இரண்டு இழுப்பு இழுத்தேன். சாட்சிக்குக் குரல் வந்தது.

"வெளியேற்றம் பதியப்படுகிறது. முதல் பதிவு. திருச்செங்கோடு குணசேகரன், அவர்தம் மனைவி, ஏழு மாதக் குழந்தை. உறுதி செய்க."

"குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு அவுக போன் பண்ணவே இல்ல," என்று பின்னாலிருந்து பேச்சியின் குரல் கேட்டது. பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், வீடு இரண்டாகியிருக்கும், இன்னும் ஒரு அறை கிடைத்திருக்கும். அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

"உறுதி செய்க," என்றது சாட்சி மறுபடி.

"ரத்து பண்ணுய்யா," என்று விளக்குமாறை மூலையில் வைத்தேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் சொன்னபடி நறுமுகை வந்தார். மழையும் வந்தது. மழை என்றால் சாதாரண மழை இல்லை. ஏரி எழுந்து ஊருக்குள் நடந்து வந்தது. மீன்கள் டீக்கடையில் ஒதுங்கின. சரி, மீனை விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்ததும், பெரிய வளைவில் சாலையே காணாமல் போனதும் நிஜம். ஆய்வாளர் எங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கும்போதுதான் செய்தி வந்தது. மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கைக்கருவியை எடுத்தார். "எண்ணிடலாமா?"

அவர் வாயை மூடுவதற்குள் வானத்தில் ஒரு இரைச்சல். நிவாரண ட்ரோன் ஒன்று பீன்ஸ் பந்தலுக்கு மேல் வந்து நின்று ஒரு மூட்டையை இறக்கியது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசை. எங்கள் தோட்டத்துக்கு மேல் வானம் தெரியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம், கம்பளி, தண்ணீர்ப் பை, தார்ப்பாய் என்று குவிந்துகொண்டே போனது. பஸ் கண்ணாடி உயரத்துக்கு வந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"பேரிடர் வந்தா சாட்சிகளோட பதிவைப் பாத்து வீட்டுக்கு வீடு அனுப்பறது," என்றார் நறுமுகை. முகம் வெளுத்திருந்தது. "உங்க வீட்டுல முந்நூத்திநாலு பேர் இருக்கறதா நம்பி அனுப்பியிருக்காங்க. நான் உடனே எண்ணிப் பதியணும். இது தப்பான கணக்கு. பதிஞ்சா ட்ரோனே எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கும்."

"எடுத்து யாருக்குக் குடுக்கும்?" என்றாள் பேச்சி.

"பதிவு இருக்கற மத்த வீடுகளுக்கு."

"அவுகளுக்குத்தான் அவுக கணக்குக்கு வந்திருக்குமே."

நறுமுகை கைக்கருவியைத் தாழ்த்தினார். அந்த நேரம் வேலிக்கு அப்பால் நனைந்துகொண்டு ஒரு ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். வத்தலகுண்டிலிருந்து வேன் ஓட்டி வந்த சகாயம். முன்பு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு ஆள் கொண்டுவந்து விட்டவர்.

"சார், குடிக்கத் தண்ணி இருக்குமா? பஸ் ஸ்டாண்டுல வண்டியெல்லாம் முங்கிருச்சு. டிரைவருங்க, பஞ்சு மிட்டாய் விக்கிறவங்க, காலைல வந்து சாயந்தரம் இறங்கற சனம்னு ரோட்டுல நிக்கிறோம். லாட்ஜுல கேட்டா உள்ள விட மாட்டேங்குறாங்க."

"ஏன் விட மாட்டாக?"

"அனுமதிக்கு மேல ஒரு ஆள் உள்ள வந்தாலும் சாட்சி சொல்லிருமாம். புதுப்பிக்கையில லைசென்ஸ் போயிருமாம். அவுகளைச் சொல்லிக் குத்தமில்ல. பாவம், கதவைத் திறக்க முடியாம ஜன்னல் வழியா பிஸ்கட் போடுறாங்க."

பேச்சி ஆய்வாளரைப் பார்த்தாள். "மழை வெள்ளத்துக்குக்கூட விதியில எடம் இல்லையா?"

"எழுத விட்டுப்போச்சு," என்றார் நறுமுகை மெதுவாக.

"நீங்க எங்கப்பா வழக்கமாப் படுப்பீக?" என்று சகாயத்தைக் கேட்டாள்.

"வண்டியிலதான்க்கா. தங்க வர்றவங்களுக்குத்தான் ரூமு. டிரைவருக்கு சீட்டு. எங்களை எந்தச் சாட்சியும் எண்ணினதில்ல. குளிக்கறதுக்கு ஏரி, மத்ததுக்கு எதையும் கேக்காதீங்க."

"ஏன் பாப்பா, ஒங்க கணக்குல இவுக யாரு?"

"விதிப்படி, அறையில தங்கறவங்கதான் விருந்தினர். வண்டியில தூங்கறவங்க..." நிறுத்தினார். "வண்டியோட சேர்த்தி."

"ஸ்டெப்னி மாதிரின்னு சொல்லுங்க மேடம்," என்று சகாயம் சிரித்தார். சிரிக்கும்போது பற்கள் குளிரில் ஒன்றோடொன்று மோதின.

நறுமுகை கைக்கருவியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு புரியுது. ஆனா நான் பொய்க் கணக்கு எழுத மாட்டேன். என் சர்வீஸ்ல ஒரு தடவை எழுதினதில்லை."

"ஒன்னை யாரு பொய் எழுதச் சொன்னா? நீ எண்ண வந்தவ. எண்ணத்தான் போற." பேச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். "செத்த பொறுத்து எண்ணு. ஆளு வரட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னாங்க, முந்நூறு பேரை வச்சிருக்கோம்னு நோட்டீஸ் வந்தாச்சுல்ல? அந்தத் தண்டனைக்கு இனிமே நாம ஏன் தப்புப் பண்ணாம இருக்கணும்? கூப்பிடுங்க."

என் வாழ்நாளில் எத்தனையோ உத்தரவு கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை.

சகாயம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் சாலை வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். தலையில் பாலிதீன், தோளில் குழந்தை, கையில் பலூன் கட்டிய குச்சி. குதிரைச் சவாரிக்காரர்கள் குதிரையோடு வந்தார்கள். சோளம் சுடுகிறவர் வண்டியோடு வந்தார். ஒரு கல்யாணக் கூட்டம் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தது. வாசல்படியிலேயே கூட்டம் அடைத்தது. எல்லோரும் முன்னால் நின்றார்கள், உள்ளே நகரவில்லை.

அங்கேதான் என் சர்வீஸ் பேசியது. இருபத்தெட்டு தீபாவளிக்கு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கூட்டத்தை ஏற்றிவிட்டவன் நான். பழைய விசிலை எடுத்து ஊதினேன். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க. பின்னாடி காலியா இருக்கு. லேடீஸ் எல்லாம் முன்னறை. சின்னப் பிள்ளைக மடியில. கல்யாணப் பார்ட்டி எல்லாம் பஸ்ஸுக்குப் போங்க, மாப்பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு." ஆயுள் முழுக்க அதிகப்படி ஆள் ஏற்றியதற்கு நடத்துனர்களைத் திட்டித் தீர்த்தவன், அன்றைக்கு என் பஸ்ஸில் மட்டும் நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒருவர் கண்ணசந்தார். பந்தல் மேல் தார்ப்பாய் விரித்தோம். கார் ஷெட்டில் குதிரைக்காரர்கள். குதிரைகளை நறுமுகையின் ஜீப்புக்குப் பக்கத்தில் கட்டினோம். அவை ஆய்வாளரைப் பார்த்ததும் தலைகுனிந்தன.

பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். பேச்சி ஒரு பெரிய அண்டாவில் ரசம் வைத்து எல்லோருக்கும் சுடச்சுட ஊற்றினாள். கல்லூரி விடுதியில் நானூறு பேருக்கு வைத்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. குளியலறைக்கு வரிசை பந்தலைச் சுற்றி மூன்று மடிப்பாக நின்றது. வரிசையில் நின்றே இரண்டு குடும்பம் சம்பந்தம் பேசிவிட்டதாக ஒரு தகவல் உண்டு. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

நறுமுகை ரசம் வாங்கவில்லை. அவர் எண்ணினார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, பெயர் கேட்டு, கைக்கருவியில் பதிந்தார். தூங்கிய குழந்தைகளின் போர்வையை விலக்கி முகம் பார்த்தார், பிறகு போர்த்திவிட்டார். சகாயத்திடம் வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"பேர்?"

"சகாயம். டிரைவர்னு போட்டுக்கங்க."

"அந்தக் கட்டம் இதுல இல்லை." ஏதோ அழுத்தினார். "விருந்தினர்னு போட்டிருக்கேன்."

எண்ணி முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினார். அப்புறம்தான் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பேச்சி ஒன்றும் கேட்காமல் டம்ளரை நீட்டினாள்.

"சாட்சி," என்றார் நறுமுகை, குடித்துக்கொண்டே. "நேரடி எண்ணிக்கையைப் பதிஞ்சுக்கோ. விருந்தினர் முந்நூத்திப் பன்னெண்டு."

"பதிந்தேன், ஆய்வாளர் அவர்களே. என் முந்தைய எண்ணிக்கையில் எட்டுப் பேர் குறைவாக இருந்தமைக்கு வருந்துகிறேன்."

நோட்டீஸிலேயே தப்பு என்று நான் அப்போது சொன்னேனா இல்லையா? சொன்னேன். ஊரே கேட்கச் சொன்னேன்.

அடுத்த நாள் மதியம் ராணுவக்காரர்கள் தற்காலிகப் பாதை போட்டார்கள். ஒவ்வொரு கும்பலாகக் கிளம்பினார்கள். பேச்சி வாசலில் நின்று கையாட்டினாள். வளைவு திரும்பும்வரை ஆட்டி, அடுத்த கும்பலுக்கு முதலிலிருந்து ஆட்டினாள். வலது கை ஓய்ந்ததும் இடது கை. கடைசியில் நறுமுகை ஜீப்பில் ஏறப் போனார். வாசலைத் தாண்டும்போது பெட்டிக்குக் குரல் வந்தது.

"ஆய்வாளர் அவர்களே, விருந்தினர் பட்டியலில் தங்கள் பெயரும் உள்ளது. ஒரு மணி நேரத்துக்குள் அறை கூட்டப்பட்டால் எல்லா வெளியேற்றங்களும் பதிவாகும். உரிமதாரருக்கு நினைவூட்டட்டுமா?"

பேச்சி காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். விளக்குமாறு மூலையில் இருந்தது. நறுமுகை அதைப் பார்த்தார், சரிந்த பாதையைப் பார்த்தார். அந்தப் பாதையில்தான் அவரும் இறங்க வேண்டும்.

"வேணாம்," என்றார். "எல்லாரும் ஊர் போய்ச் சேரட்டும்."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கு எங்கள் நகராட்சியில் தங்கினவர் ஊர் போய்ச் சேர்ந்து, வந்துசேர்ந்தோம் என்று போன் செய்தால்தான் சாட்சி கணக்கை முடிக்கிறது. ஓட்டுநருக்குப் படுக்கை காட்டாத விடுதிக்கு உரிமம் கிடையாது. மழை வெள்ளத்தில் யாருக்கும் கதவைத் திறக்கலாம். இந்த மூன்று திருத்தத்துக்கும் ஊரில் பேச்சியம்மாள் விதி என்றுதான் பெயர். ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்து படித்துப் போனார்கள். ஜப்பான் இல்லையென்றால் சேலம். யாரோ வந்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்தும் போன் வந்தது. குழந்தை பள்ளிக்கூடம் போகிறதாம்.

ஆனால் விசாரணை நடந்த அன்று இவை எதுவும் இல்லை. தள்ளிவைத்த விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நகர்மன்ற மண்டபத்தில் பேச்சி பலகையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னால் தன் கையாலேயே கொடுத்துவிடுவது என்று கொண்டுவந்திருந்தாள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. மீன் டீக்கடையில் ஒதுங்கியதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நகர்மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, சின்னமாயன் சொல்றதை இந்த ஊர்ல யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல. முதல் நாளே பொய்க் கணக்குன்னு எழுதினது நீங்கதான். அதனால உங்களையே கேக்கறேன். ரெண்டு ரூம், ஒரு பாத்ரூம். முந்நூத்திப் பன்னெண்டு பேர் நெசமாவே தங்கினாங்களா?"

நறுமுகை எழுந்தார். கைக்கருவியைத் திறக்கவில்லை.

"தங்கினாங்க சார். ரெண்டு தடவை எண்ணினேன். கடைசி ஆள் நான்."

"சரி. இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

அவர் பேச்சியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா இன்னும் வெளக்குமாறை எடுக்கலை சார்," என்றார். "எல்லாரும் அங்கதான் இருக்கோம்."